ஸ்ட்ரெய்ட் பூல்: மூன்றாவது ஃபவுலுக்கு 16 புள்ளி

பூல் ஆட்டங்களில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே ஆட்டத்தைச் சுற்றித்தான் இருந்தன, அதுவும் ஃபவுல், ஸ்க்ராட்ச் என்ற இரண்டு வார்த்தைகளைச் சுற்றி. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் ஸ்ட்ரெய்ட் பூலுக்கே.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. 15 பந்து, கியூ என்ற கோலால் அடிக்கிற ஒரு வெள்ளைப் பந்து. எந்தப் பந்தை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். சொன்னது போலப் போட்டால் ஒரு புள்ளி, தொடர்ந்து ஆடலாம். 14 பந்து உள்ளே போனதும் அந்த 14ஐயும் மறுபடி அடுக்கி, மேசையில் மிச்சமிருக்கிற ஒரு பந்தைப் போட்டுக்கொண்டே புதிதாக அடுக்கிய பந்துக் கட்டையும் உடைத்து ஆட்டத்தைத் தொடர்வார்கள். 14.1 என்ற பேர் அதனால்தான் வந்தது. 1910 வாக்கில் அமெரிக்காவில் ஜெரோம் கியோ என்ற ஆட்டக்காரர் கொண்டுவந்த யோசனை இது. 100, 125, 150 என்று முதலிலேயே பேசி வைத்த எண்ணை யார் முதலில் தொடுகிறாரோ அவர் ஜெயித்தார்.

கேள்வி: நான் நைன் பால் ஆடிப் பழகியவன் சார். போன வாரம் முதல்முறையாக ஸ்ட்ரெய்ட் பூல் ஆடினேன். எதிராளி ஒரு பந்தை மெதுவாகத் தொட்டார், எந்தப் பந்தும் குஷனுக்கு, அதாவது மேசையின் ரப்பர் ஓரத்துக்குப் போகவில்லை. ஃபவுல்தானே என்று வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்தேன். உடனே அவர், "இப்போது நீங்கள்தான் ஃபவுல்" என்றார். இது என்ன நியாயம்? (நியூஜெர்சி வாசகர்)

பதில்: அவர் சொன்னது சரிதான், உங்களுக்குக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். நைன் பாலில் எதிராளி ஃபவுல் செய்தால் வெள்ளையை எடுத்து மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எயிட் பாலிலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் ஸ்ட்ரெய்ட் பூலில் முதலில் இடறுகிற இடம் இதுதான், நீங்கள் மட்டும் இல்லை. இங்கே சாதாரண ஃபவுல் என்றால் செய்தவருக்கு ஒரு புள்ளி குறையும், முறை அடுத்தவருக்குப் போகும், வெள்ளைப் பந்து நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்தவர் அது கிடக்கிற இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். வெள்ளை கைக்கு வருவது அது பாக்கெட்டில் விழுந்தாலோ மேசையை விட்டுக் குதித்தாலோதான். நீங்கள் எடுத்தபோது அது மேசையில் ஆட்டத்தில் இருந்த பந்து, ஆட்டத்தில் இருக்கிற பந்தைக் கையால் தொடுவது ஃபவுல். ஆக அவருக்கு ஒன்று குறைந்தது, உங்களுக்கும் ஒன்று குறைந்தது, முறை திரும்ப அவரிடமே போனது.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும். வெள்ளை இருந்த இடத்திலேயே நிற்பதால், ஃபவுல் செய்தவர் விட்டுப்போகிற நிலைமை அடுத்தவர் தலையில் விழுகிறது. ஒரு புள்ளிதானே போகட்டும் என்று வேண்டுமென்றே ஃபவுல் செய்கிற தந்திரம் இந்த ஆட்டத்தில் இவ்வளவு பெரிய இடம் பிடித்திருப்பதும் அதனால்தான். கீழே அதற்கு வருகிறேன்.

கேள்வி: ஃபவுல், ஸ்க்ராட்ச் இரண்டும் ஒன்றா? கிளப்பில் ஸ்னூக்கரும் பில்லியர்ட்ஸும் ஆடுகிற எங்களுக்கு ஸ்க்ராட்ச் என்ற வார்த்தையே புதுசு. (கோவை வாசகர்)

பதில்: ஒன்று இல்லை. வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுவதுதான் ஸ்க்ராட்ச், நீங்கள் கிளப்பில் இன்-ஆஃப் என்று சொல்வீர்களே, அது. எல்லா ஸ்க்ராட்ச்சும் ஃபவுல், ஆனால் எல்லா ஃபவுலும் ஸ்க்ராட்ச் ஆகாது. தண்டனைப் புள்ளி இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்க்ராட்ச் ஆனாலோ வெள்ளை மேசையை விட்டுக் குதித்தாலோ மட்டும் அடுத்தவர் அதைக் கையில் எடுத்து ஹெட் ஸ்ட்ரிங் கோட்டுக்குப் பின்னால், அதாவது பிரேக் என்கிற முதல் அடியை அடிக்கிற பக்கத்துக் கால் பங்கு மேசைக்குள், இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து ஆடலாம். கிச்சன் என்று பேச்சுவழக்கில் சொல்கிற பகுதி அது. மேசை முழுக்க இல்லை, அங்கே மட்டும்தான். கோட்டின் மேலேயே வைத்தால் அது உள்ளே ஆகாது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. சிவப்பை அடித்து உங்கள் பந்து பாக்கெட்டில் விழுந்தால் இங்கிலீஷ் பில்லியர்ட்ஸில் அது தப்பே இல்லை, 3 புள்ளி வரவு. அதே காரியத்தை ஸ்னூக்கரில் செய்தால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி போகும். ஸ்ட்ரெய்ட் பூலில் எதிராளிக்கு ஒன்றும் போகாது, உங்கள் கணக்கில் ஒன்று குறையும். ஒரே அடி, மூன்று மேசையில் மூன்று தீர்ப்பு. 1875இல் ஜபல்பூரில் பிறந்து, நம் ஊட்டி கிளப்பில் விதி எழுதி மாட்டப்பட்ட ஆட்டம் ஸ்னூக்கர் என்பதால் நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கணக்கு மனதில் ஊறியிருக்கிறது. பூல் மேசைக்குப் போகும்போது அதைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெள்ளை ஒரு பந்தை ஒட்டிக்கொண்டு நின்றால் ஸ்னூக்கரில் ஒட்டிய பந்தை அசைக்காமல் விலகித்தான் ஆட வேண்டும். இங்கே ஒட்டிய பந்தை நோக்கியே அடிக்கலாம், அது அசைந்தால் வெள்ளை அதை அடித்ததாகக் கணக்கு. விலகி அடித்தால் அதைத் தொட்டதாகக் கணக்கு வராது, வேறு பந்தைப் போய்த் தொட வேண்டும்.

கேள்வி: வரிசையாக 8 பந்து போட்டேன். ஒன்பதாவது சொன்ன பாக்கெட்டில் விழுந்தது, கூடவே வெள்ளையும் விழுந்துவிட்டது. நண்பர்கள் அந்த 8 புள்ளியும் போச்சு என்கிறார்கள்.

பதில்: போகாது. முதலில் போட்ட 8 உங்களுடையது, யாரும் தொட முடியாது. ஒன்பதாவது மட்டும் செல்லாது, அதை எடுத்து, பந்துக் கட்டின் முனை நிற்கிற குறியான ஃபுட் ஸ்பாட்டில் வைக்க வேண்டும், அப்புறம் ஸ்க்ராட்ச்சுக்கு ஒன்று குறைக்க வேண்டும். ஆக அந்த முறையில் உங்களுக்கு 7. அந்த அடியில் வேறு பந்து ஏதாவது விழுந்திருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும். வெள்ளை விழாமல் இருந்திருந்தால், சொன்ன பந்தோடு சேர்ந்து விழுந்த பந்துக்கும் ஒரு புள்ளி கிடைத்திருக்கும்.

கேள்வி: புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போகுமா?

பதில்: போகும். மைனஸ் 1, மைனஸ் 2 என்று எழுதிவிட்டுத்தான் ஆடுவார்கள். ஆட்ட ஆரம்பத்தில் இரண்டு பேருமே மைனஸில் நிற்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

கேள்வி: முதல் பிரேக்கில் ஃபவுல் ஆனால் 1 புள்ளியா, 2 புள்ளியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே உண்டு, எந்தத் தப்பு என்பதைப் பொறுத்தது. முதல் பிரேக்கில் சொல்லி அடித்த பந்து விழ வேண்டும், இல்லையென்றால் கட்டைத் தொட்ட பிறகு வெள்ளையும் வேறு இரண்டு பந்துகளும் குஷனைத் தொட வேண்டும். இது நடக்காவிட்டால் பிரேக்கிங் ஃபவுல், 2 புள்ளி குறையும். எதிராளி இருக்கிற நிலையை ஏற்று ஆடலாம், பிடிக்கவில்லை என்றால் மறுபடி அடுக்கி உங்களையே உடைக்கச் சொல்லலாம், நீங்கள் சரியாக உடைக்கும் வரை இது தொடரும், ஒவ்வொரு தடவையும் 2 போகும். பிரேக் விதிப்படி சரியாக இருந்து வெள்ளை மட்டும் பாக்கெட்டில் விழுந்தால் அது சாதாரண ஸ்க்ராட்ச், 1 புள்ளி, எதிராளி கிச்சனிலிருந்து ஆடுவார். ஒரே அடியில் இரண்டு தப்பும் நடந்தால் பிரேக்கிங் ஃபவுலாக மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

எயிட் பால் மாதிரி பலம் கொண்ட மட்டும் கட்டை உடைப்பது இங்கே தற்கொலைக்குச் சமம். எந்தப் பந்து எந்தப் பாக்கெட்டில் விழும் என்று சொல்ல முடியாது, எதிராளிக்கு மேசை முழுக்கத் திறந்து கிடக்கும். தேர்ந்தவர்கள் கட்டின் மூலைப் பந்தை ஓரமாக உரசி, இரண்டு பந்து மட்டும் குஷனுக்குப் போய்த் திரும்பி வர, வெள்ளையைத் தலைப்பக்கக் குஷனுக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதுவே கஷ்டமான அடி. அதனால்தான் யார் உடைப்பது என்று தீர்மானிக்கிற உரிமை கிடைத்தால் பெரும்பாலும் எதிராளியை உடைக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி: தொடர்ந்து மூன்று ஃபவுல் விதியைத் தெளிவாகச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஃபவுல் செய்வது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இந்த ஆட்டத்தின் மூளையே இந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒருவர் நடுவில் ஒரு சரியான அடி கூட அடிக்காமல் அடுத்தடுத்த தன் முறைகளில் மூன்று ஃபவுல் செய்தால், மூன்றாவதற்கு வழக்கமான ஒன்றோடு கூடுதலாக 15 புள்ளி போகும். உதாரணத்துக்கு உங்களிடம் 42 இருக்கிறது. முதல் ஃபவுல் 41, இரண்டாவது 40, மூன்றாவதில் ஒரேயடியாக 24. அதோடு விடுவதில்லை. 15 பந்தையும் திரும்ப அடுக்கி, ஃபவுல் செய்தவரையே ஆட்டத் தொடக்கம் போல உடைக்கச் சொல்வார்கள். மேலே சொன்ன அந்தக் கஷ்டமான பிரேக்கை, 18 புள்ளி இழந்த கையோடு அடிக்க வேண்டும். அப்புறம் ஃபவுல் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். நடுவில் ஒரே ஒரு சரியான அடி, அது பந்தைப் போட்டதாக இருந்தாலும், பந்து போடாமல் எதிராளிக்குக் கஷ்டமான நிலையை விட்டுப்போகிற சேஃப்டியாக இருந்தாலும், அடித்துவிட்டால் எண்ணிக்கை அழிந்துவிடும். பிரேக்கிங் ஃபவுல் இந்த மூன்றில் சேராது.

இரண்டு ஃபவுலில் நிற்கிறவர் மேசைக்கு வரும்போது, "நீங்கள் இரண்டில் இருக்கிறீர்கள்" என்று நடுவர் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்காமல் அவர் மறுபடி ஃபவுல் செய்தால் அது மூன்றாவதாகக் கணக்கில் வராது, இரண்டாவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் எதிராளி சொல்லிவிட வேண்டும். புள்ளி எழுதுகிற காகிதத்தில் ஒவ்வொருவர் பேருக்குப் பக்கத்திலும் ஃபவுலுக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள், சண்டை பாதியாகக் குறையும்.

இப்போது வேண்டுமென்றே செய்கிற ஃபவுலுக்கு வருவோம். வெள்ளை பந்துக் கட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, போடுவதற்குப் பந்து இல்லை, சேஃப்டி ஆடினால் ஏதாவது ஒரு பந்து திறந்துகொள்ளும். இந்த நிலையில் கியூ முனையால் வெள்ளையை மெதுவாகக் கட்டுக்குள் ஒரு தட்டு, எந்தப் பந்தும் குஷனுக்குப் போகாது, ஒரு புள்ளி போகும், அதே சிக்கல் எதிராளியிடம் போய்ச் சேரும். முறையான கியூ அடியாக இருக்கும் வரை இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இருப்பதிலேயே குறைந்த நஷ்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவ்வளவுதான். கையால் வெள்ளையை நகர்த்துவது, வேண்டுமென்றே பந்துகளைக் கலைப்பது இதெல்லாம் வேறு கணக்கு, அது நடத்தைக் கேடு.

ஆனால் எதிராளியும் அதே தட்டைத் திருப்பித் தட்டுவார். நீங்கள் 1, அவர் 1, நீங்கள் 2, அவர் 2. இப்போது மறுபடி உங்கள் முறை, மூன்றாவதற்கு 16 போகும் என்பதால் நீங்கள்தான் வழி கண்டுபிடித்து ஒரு சரியான அடி அடித்தாக வேண்டும். சமமான நிலையில் யார் ஆரம்பித்தாரோ அவர்தான் முதலில் மாட்டுகிறார். எதிராளி ஏற்கனவே ஒரு ஃபவுலில் இருக்கிறார், நீங்கள் பூஜ்யத்தில் இருக்கிறீர்கள் என்றால் கதையே மாறிவிடும். நீங்கள் 1, அவர் 2, நீங்கள் 2, இப்போது மாட்டுவது அவர். அதனால் தட்டுவதற்கு முன் மேசையைப் பார்ப்பதோடு அந்தக் காகிதத்தையும் பாருங்கள். நிறைய பேர் மேசையை மட்டும்தான் பார்க்கிறார்கள், அங்கேதான் ஆட்டம் கைவிட்டுப் போகிறது.

கேள்வி: சேஃப்டி ஆடும்போது பந்து ஏற்கனவே குஷனை ஒட்டியிருக்கிறது. அதை மெதுவாக அடித்து அங்கேயே விட்டால் குஷனைத் தொட்டதாகக் கணக்கா?

பதில்: இல்லை. பந்து எதுவும் விழாத எந்த அடியிலும், வெள்ளை ஒரு பந்தைத் தொட்ட பிறகு வெள்ளையோ வேறு எந்தப் பந்தோ குஷனுக்குப் போக வேண்டும். முன்பே ஒட்டிக்கொண்டிருந்த குஷன் இதில் சேராது, அந்தப் பந்து அதை விட்டு விலகித் திரும்ப வந்து தொட்டால் சேரும், வேறு குஷனுக்குப் போனாலும் சரி. ஒட்டியிருக்கிறது என்று நடுவரோ எதிராளியோ முன்கூட்டியே அறிவித்தால்தான் ஒட்டியதாகக் கணக்கு, யாரும் வாயைத் திறக்காவிட்டால் ஒட்டவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் எதிராளி அப்படி ஓர் அடிக்குக் குனியும்போதே எழுந்து போய்ப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். சேஃப்டி என்று நீங்கள் சொல்லி அடித்த அடியில் பந்து விழுந்தால் அதற்குப் புள்ளி கிடையாது, எடுத்து ஸ்பாட்டில் வைத்துவிட்டு எதிராளி ஆடுவார். அது ஃபவுல் இல்லை.

கேள்வி: சட்டைக் கை ஒரு பந்தில் பட்டு லேசாக அசைந்தது. ஃபவுலா?

பதில்: முழு விதிப்படி ஃபவுல்தான். உடம்பு, உடை, சாக்பீஸ் எது பட்டாலும் சரி. நடுவர் இல்லாத ஆட்டங்களில் வெள்ளையைத் தொட்டால் மட்டும் ஃபவுல் என்று வைத்துக்கொள்கிற வழக்கமும் உண்டு. எது என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு காலும் தரையை விட்டு எழும்புவது, பந்துகள் நிற்கும் முன் அடிப்பது, பந்து மேசையை விட்டு வெளியே குதிப்பது எல்லாமே ஒரு புள்ளி ஃபவுல்.

கேள்வி: எதிராளி ஸ்க்ராட்ச் செய்தார். வெள்ளை என் கையில், ஆனால் மேசையில் மிச்சமிருந்த பந்துகள் எல்லாமே கிச்சனுக்குள்! எதை அடிப்பது?

பதில்: கிச்சனுக்குள் இருக்கிற பந்தை நேராக அடித்தால் ஃபவுல். ஆனால் எல்லாப் பந்தும் கோட்டுக்குப் பின்னாலேயே இருக்கும்போது, கோட்டுக்கு மிக அருகில் இருக்கிற பந்தை எடுத்து ஃபுட் ஸ்பாட்டில் வைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு பந்து சம தூரத்தில் இருந்தால் எது என்று நீங்களே சொல்லலாம். கேட்க வேண்டும் என்று தெரியாமலேயே பலர் வெள்ளையை வீணாகக் கோடு தாண்ட விட்டுத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறார்கள்.

கேள்வி: நூற்றுக்கணக்கில் தொடர்ந்து பந்து போட்ட சாதனையெல்லாம் ஃபவுலே இல்லாமலா?

பதில்: ஆமாம், ஒரு ஃபவுல் ஆனாலும் முறை போய்விடும், ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். 1954இல் ஒஹாயோ மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் வில்லி மொஸ்கோனி தொடர்ந்து 526 பந்து போட்டார், 2019இல் ஜான் ஷ்மிட் 626, 2022இல் ஜேசன் ஷா 714. கட்டுக்கு 14 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 714 என்பது 51 கட்டு. ஸ்க்ராட்ச் ஆபத்து அதிகமாக இருப்பது ஒவ்வொரு முறையும் கட்டை உடைக்கிற அடியில்தான். பந்தைப் போட்ட வேகத்தில் வெள்ளை கட்டில் மோதி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது, மூலைப் பாக்கெட்டோ நடுப் பாக்கெட்டோ வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அந்த அடியை ஐம்பது தடவை தாண்டி வந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த எண்ணை விட இதுதான் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: வெள்ளையும் அடிக்க வேண்டிய பந்தும் மயிரிழை இடைவெளியில் நிற்கின்றன. அடித்தால் டபுள் ஹிட் என்று சண்டை வருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கியூ முனை வெள்ளையை ஒரே அடியில் இரண்டு தடவை தொட்டால் டபுள் ஹிட், ஃபவுல். கண்ணால் முனையைப் பார்த்துப் பிடிக்க முடியாது, வெள்ளை எப்படிப் போகிறது என்று பாருங்கள். அவ்வளவு நெருக்கத்தில் நேராக அடித்தால் வெள்ளை தன் வேகத்தை எல்லாம் முன்னால் இருக்கிற பந்துக்குக் கொடுத்துவிட்டுக் கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். அது அந்தப் பந்தோடு சேர்ந்து அதே வேகத்தில் முன்னால் ஓடினால் முனை இரண்டாவது தடவை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். தப்பிக்க வேண்டுமானால் கியூவின் பின்பக்கத்தைத் தூக்கி மேலிருந்து அடியுங்கள், இல்லை பந்தின் ஓரத்தைக் குறிவைத்துச் சாய்வாக ஆடுங்கள். இப்படி ஒரு அடி வரப்போகிறது என்று தெரிந்தால் குனிவதற்கு முன்பே பக்கத்து மேசைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு நின்று பார்க்கச் சொல்லுங்கள், அடித்த பிறகு கூப்பிட்டால் அவர் எதைப் பார்த்து என்ன சொல்வார்?